டிஸ்க் போனது ஆர்மியாலதான்னு யார் நிரூபிக்கணும்?

கேள்வி: என் வீட்டுக்காரர் ஆர்டிலரில (பீரங்கிப் படை) 24 வருஷம் இருந்துட்டு 2018ல ஹவில்தாரா ரிட்டயர் ஆனார். இடுப்புல டிஸ்க் ப்ராப்ளம், ரெண்டு முட்டியும் தேய்மானம். ரிட்டயர் ஆகும்போது நடக்குற ரிலீஸ் மெடிக்கல் போர்டுல 30 பர்சன்ட் டிஸெபிலிட்டின்னு போட்டுட்டு, வலி ஆரம்பிச்சது பீஸ் ஸ்டேஷன்ல (எல்லை, சண்டைன்னு இல்லாத சாதாரண போஸ்டிங்), அதனால சர்வீஸுக்கு சம்பந்தமில்லன்னு டிஸெபிலிட்டி பென்ஷன் கிடையாதுன்னுட்டாங்க. இப்ப ஆர்த்தோ டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கினா போதுமா சார்?
- வேலூர் வாசகி

பதில்: லெட்டர் வாங்குறதுல தப்பில்லம்மா, ஆனா இன்னிக்கு எடுக்கற எம்ஆர்ஐ இன்னிக்கு இடுப்பு எப்படி இருக்குன்னுதான் சொல்லும், உங்க கேஸ் நிக்கப்போறது பழைய பேப்பர்ல. தரம்வீர் சிங் கேஸ்ல 2013லயே சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருச்சு, ஆள் சேரும்போது அந்த வியாதி இருக்குன்னு ரெக்கார்டுல எழுதலன்னா நல்ல உடம்போடதான் சேர்ந்தார்னு எடுத்துக்கணும், அப்புறமா வந்தது சர்வீஸால இல்லன்னு சொல்றவங்கதான் காரணத்தோட நிரூபிக்கணும். நம்ம ஆளுங்க பாதிப்பேர் இத தலைகீழா புரிஞ்சுக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையறாங்க.

அந்த பீஸ் ஸ்டேஷன் காரணம் ரொம்ப பேருக்கு எழுதுறதுதான். டிஸ்க் என்ன போஸ்டிங் ஆர்டர் பாத்தா தேயுது? ஷெல் தூக்குனது, மலை மேல லோடோட ஏறுனது எல்லாம் சேந்து ஒருநாள் பீஸ்ல இருக்கும்போது படுக்க வைக்கும். அதனால ரெக்கார்டு ஆபீஸ்ல போர்டு ப்ரொசீடிங்ஸ், சேரும்போது எடுத்த மெடிக்கல், மெடிக்கல் கேட்டகரி (உடல் தகுதி தரம்) இறக்குன பேப்பர், போஸ்டிங் விவரம் எல்லாத்தையும் காப்பி கேளுங்க, தரலன்னா ஆர்டிஐ போடுங்க. எங்கயாவது விழுந்து அடிபட்டிருந்தா இன்ஜுரி ரிப்போர்ட்டும் முக்கியம். இன்னொண்ணு, சர்வீஸாலயே வந்ததுன்னு இருக்கணும்னு கட்டாயமில்ல, சர்வீஸால அதிகமாச்சுன்னாலும் பென்ஷன் உண்டு.

அப்பீல் பண்ணுங்க, அங்கயும் இல்லன்னா சென்னைலயே ஆர்ம்ட் ஃபோர்சஸ் ட்ரிப்யூனல் (ராணுவத்தினர் கேஸ விசாரிக்கிற தீர்ப்பாயம்) பெஞ்ச் இருக்கு. ஜெயிச்சா 30ஐ 50 பர்சன்ட்டா ரவுண்ட் பண்ணுவாங்க, டெர்ம் முடிஞ்சு ரிட்டயர் ஆனவங்களுக்கும் இது உண்டுன்னு ராம் அவதார் கேஸ்ல 2014ல தீர்ப்பாச்சு, கணக்குப்படி டிஸெபிலிட்டிக்குன்னு கடைசி சம்பளத்துல 15 பர்சன்ட் வரும். டிஸெபிலிட்டி பென்ஷனுக்கு 2023 செப்டம்பர் 21ல வந்த புது ரூலப் பாத்து பயப்படாதீங்க, அது அதுக்கப்புறம் வெளிய வர்றவங்களுக்கு. ஆனா தள்ளிப் போடாதீங்க, லேட்டா போனவங்களுக்கு பல கேஸ்ல அரியர் கேஸ் போட்டதுக்கு முந்தின 3 வருஷத்துக்குதான் குடுத்திருக்காங்க.