பள்ளிக்கூடத்துக்கும் ஒரு மொய் நோட்டு

டீச்சரிடம் கேளுங்கள்

அறந்தாங்கிப் பக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் 34 வருடம் வேலை பார்த்தேன். கடைசி 11 வருடம் தலைமை ஆசிரியை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஊரையும் பள்ளிக்கூடத்தையும் பற்றியே இருந்தன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் ‘கல்விச் சீர்’ என்று மேளதாளத்தோடு பள்ளிக்குச் சாமான்கள் கொண்டுபோய்க் கொடுத்தோம். போட்டோ எடுத்ததோடு சரி. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், நாங்கள் கொடுத்த ஃபேன் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது. இதெல்லாம் வெறும் ஆடம்பரம்தானா டீச்சர்?
*– வாசகர், ஆலங்குடி*

ஆடம்பரம் என்று சொல்லாதீர்கள். உங்கள் ஊர் ஜனங்கள் நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். அது பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் பள்ளிக்கு முதன்முதலாகச் சீர் வந்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. மாரியம்மன் கோயில் வாசலில் எல்லோரும் கூடினார்கள். தவிலும் நாதஸ்வரமும் முன்னால் போக, தெரு நீளத்துக்குப் பெண்கள் தாம்பாளம் ஏந்தி வந்தார்கள். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ, நடுவில் சிலேட்டு, பென்சில் பெட்டி, கலர் சாக்பீஸ். பின்னால் ஒரு குட்டி யானை வண்டியில் பீரோ, பிளாஸ்டிக் நாற்காலிகள், நான்கு ஃபேன், தண்ணீர் டிரம். காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவருகிற அதே வரிசை, அதே மரியாதை.

எல்லோருக்கும் கடைசியில் ஒரு பாட்டி வந்தார். கூலி வேலைக்குப் போகிறவர். பேத்தி எங்களிடம் 2-ஆம் வகுப்பு. அவர் தாம்பாளத்தில் இரண்டு விளக்குமாறு இருந்தது. தென்னங்கீற்றைத் தானே சீவிக் கட்டி, காம்பில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். பீரோவும் ஃபேனும் இறங்குகிற இடத்தில் இதை எப்படி நீட்டுவது என்று வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டார். நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். அன்றைக்கு வந்த சாமான்களில் மறுநாள் காலையிலேயே வேலைக்கு ஆனது அந்த விளக்குமாறுதான்.

சரி, உங்கள் ஃபேனுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் மொய் என்றால் எவ்வளவு கறாரான விஷயம் என்று ஆலங்குடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடி, ஆவணி வந்தால் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரம் முழுக்க மொய் விருந்துதான். யார் எவ்வளவு செய்தார், யார் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் நோட்டில் இருக்கும். அதையே பள்ளிக்கும் செய்தேன். 200 பக்க நோட்டு ஒன்று வாங்கி, அட்டையில் ‘மொய் நோட்டு’ என்று எழுதினேன். பெயர், பொருள், அது எந்த அறையில் இருக்கிறது, யார் பொறுப்பு. பாட்டியின் பெயருக்கு நேராக ‘விளக்குமாறு – 2’.

வருடா வருடம் ஆண்டு விழாவில் பேச்செல்லாம் ஆரம்பிக்கும் முன்னால் அதை வாசிப்போம். “ஃபேன் நான்கு. மூன்று ஓடுகிறது. 4-ஆம் வகுப்பில் உள்ளது காயில் போய்விட்டது.” கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்தார். “அதைக் கழற்றி வைங்க டீச்சர், நான் காயில் கட்டித் தர்றேன்” என்றார். தான் கொடுத்த பொருள் என்ன ஆயிற்று என்று ஊரறியச் சொன்னால், கொடுத்தவர் மறுபடியும் வருவார். சொல்லாவிட்டால் உங்களைப் போல மனம் வெறுத்துப் போவார்.

உங்கள் ஃபேன் பெட்டியில் கிடப்பதற்குக் காரணம் சின்னதாகத்தான் இருக்கும். கூரையில் கொக்கி இருக்காது, அல்லது அந்த அறைக்கு ஒயரிங் வந்திருக்காது. ஒரு எலக்ட்ரீஷியனையும் ஏணியையும் கூட்டிக்கொண்டு போய்த் தலைமை ஆசிரியரைப் பாருங்கள்.

நான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. 8-ஆம் வகுப்பு வரைதான் படித்தேன். கூட்டத்துக்கு முன்பே தீர்மானம் எழுதி வைத்திருக்கிறார்கள், கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். கேள்வி கேட்கப் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்ய முடியும்?
*– வாசகி, கந்தர்வக்கோட்டை*

நிறைய செய்ய முடியும், தங்கச்சி. முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நாற்காலி யாரோ பாவம் பார்த்துக் கொடுத்தது இல்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு கொடுத்தது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. 2022-இல் நம் மாநிலத்தில் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது, தலைவர் பெற்றோரில் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும் என்றே வைத்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் பேனாவைக் கையில் எடுக்கும் முன்னால் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: “சார், வாசிச்சுக் காட்டுங்க, கேட்டுட்டுப் போடுறேன்.” சண்டை போட வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம். முதல் தடவை கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். மூன்றாவது தடவை அவர்களே வாசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். உண்மையாக உழைக்கிற தலைமை ஆசிரியர்களுக்கு இது பெரிய பலம். தனியாகக் கணக்கு எழுதிவிட்டுத் தனியாகப் பதில் சொல்கிற பாரத்தை நானே சுமந்திருக்கிறேன்.

அப்புறம் பள்ளி மானியம். 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்கு 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை 50,000 ரூபாய் என்பது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கணக்கு. அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைச் சுத்தத்துக்குச் செலவழிக்க வேண்டும். எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று கேட்பது உங்கள் வேலை.

ஆனால் பணத்தைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. எங்கள் குழுத் தலைவி கீரமங்கலம் சந்தைக்குப் பூப் பறித்துப் போடுகிறவர். விடியும் முன்னே முல்லைத் தோட்டத்துக்குப் போய்விட்டு, புதன்கிழமை தோறும் பதினோரு மணிக்குப் பள்ளிக்கு வந்து, 3-ஆம் வகுப்பில் கடைசி வரிசையில் பிள்ளைகளோடு தரையில் உட்காருவார். அரை மணி நேரம். ஒன்றும் பேச மாட்டார். ஒரு நாள் வெளியே வந்து என்னிடம் கேட்டார்: “டீச்சர், பொம்பளைப் பிள்ளைங்க யாருமே தண்ணி பாட்டிலைத் திறக்கலையே, ஏன்?”

எனக்குச் சுருக்கென்றது. பத்து வருடமாக அந்தப் பள்ளியில் இருக்கிறேன், நான் கவனிக்கவில்லை. பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டோம். கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் எங்கள் பள்ளியில் கழிப்பறை ஒரு விஷயமாக ஆனது. பிள்ளை பெற்றவள் கண்ணுக்குத் தெரிவது அதிகாரி கண்ணுக்குத் தெரியாது. 8-ஆம் வகுப்பு உங்களுக்குத் தாராளமாகப் போதும்.

இன்னொன்று. உங்களுடையது ஒன்றியப் பள்ளி என்றால் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. தீர்மான நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் மனுக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதே மனுவைக் கிராம சபையிலும் எழுப்புங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. தனியாகப் போகாதீர்கள். பத்து அம்மாக்களோடு போங்கள்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 2 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். பெரிய ஸ்மார்ட் டிவி வாங்கிக் கொடுக்க ஆசை. ஆனால் தலைமை ஆசிரியர், “கழிப்பறை சுத்தம் செய்யும் அம்மாவுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள்” என்கிறார். எங்கள் பெயர் நிற்கிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
*– வாசகர், சிங்கப்பூர் (சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம்)*

தம்பி, உங்கள் தலைமை ஆசிரியர் கேட்டதைக் கொடுங்கள். வாய் திறந்து இதைக் கேட்க அவர் எவ்வளவு தயங்கியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

மேலே எழுதினேனே, அந்தக் கழிப்பறையின் கதையைக் கேளுங்கள். கட்டடம் நன்றாகத்தான் இருந்தது, டைல்ஸ் கூடப் போட்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து வருகிற குழாய் உடைந்திருந்தது. சுத்தம் செய்கிறவருக்கு உள்ளாட்சி வழியாக வருகிற தொகை சின்னது, அதுவும் மாதா மாதம் ஒழுங்காக வராது. அவர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிற எங்கள் பழைய மாணவர்கள் 20 பேர் ஆளுக்கு 150 ரூபாய் மாதம் போட்டார்கள். அந்த அம்மா தினமும் காலை எட்டரைக்கும், சாப்பாட்டு மணிக்குப் பிறகு ஒரு தடவையும் வந்தார். உள்ளே ஒரு வாளி, ஒரு மக், கதவுக்குத் தாழ்ப்பாள், கொடியில் ஒரு சோப்பு. இரண்டு மாதத்தில் பெண் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்கள் மத்தியானத்துக்குள் காலியாக ஆரம்பித்தன. 8-ஆம் வகுப்புப் பெண்களில் மாதத்தில் மூன்று நாள் லீவு போடுகிற வழக்கமும் குறைந்தது. எந்த டிவியும் இதைச் செய்திருக்காது.

டிவி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இன்டர்நெட் இருக்கிறதா, பழுது பார்க்க ஆள் இருக்கிறாரா, இரவில் பூட்டி வைக்க அறை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப நேர் வழியும் இருக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ இணையதளத்தில் உங்கள் பள்ளியையே தேர்ந்தெடுத்து, இன்ன தேவைக்கு என்று சொல்லிக் கொடுக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. ஊரில் இருக்கிற உங்கள் வகுப்புத் தோழர் ஒருவர் அதில் இருந்தால் மாதா மாதம் உங்களுக்குத் தகவல் வரும்.

அரசுப் பள்ளிக்குச் செலவு செய்வது அரசின் கடமை. ஊர்க்காரர்கள் ஏன் கையிலிருந்து போட வேண்டும்?
*– வாசகர், மன்னார்குடி*

நியாயமான கேள்வி. ஆசிரியர், வகுப்பறை, புத்தகம், சாப்பாடு எல்லாம் அரசின் கடமை. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஊர் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்துக் காலிப் பணியிடத்தை நிரப்பினால், அந்த இடம் காலியாக இருப்பதே மேலே தெரியாமல் போய்விடும். நான் அப்படி ஒரு வருடம் செய்துவிட்டு, பிறகு வருந்தினேன். அதற்கு மனுப் போடுங்கள், விடாமல் போடுங்கள்.

ஆனால் நம் ஊர்ப் பள்ளிகளின் கதையைப் பாருங்கள். காமராஜர் காலத்தில் மதிய உணவு தொடங்கியபோது ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு என்று கணக்கு. அதில் 6 காசு அரசு, 4 காசு ஊர். அப்போது கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் ஜனங்களைக் கேட்டார். 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், எங்கள் பள்ளிக்கு இது வேண்டும் என்று ஒரு பட்டியல் போட, ஊர்க்காரர்கள் நான் பெஞ்சு தருகிறேன், நான் சுவர் வைக்கிறேன் என்று எழுந்து ஏற்றுக்கொண்டார்கள். கல்விச் சீரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாநாடுகள் நினைவுக்கு வரும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. எங்கள் பள்ளிச் சுற்றுச்சுவர் மேல் மூன்று தென்னை விழுந்து கிடந்தது. அந்த ஊரில் தோப்பை இழக்காத வீடு கிடையாது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஆனாலும் நான்காம் நாள் காலை மரம் அறுக்கும் மெஷினோடு நாலு பேர் பள்ளி வாசலில் நின்றார்கள். தங்கள் தோப்பில் சாய்ந்த மரம் அப்படியே கிடக்க, முதலில் இங்கே வந்தார்கள். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து ஊர்த் தொட்டியில் தண்ணீர் ஏற்றியபோது, பள்ளித் தொட்டிக்கும் சேர்த்து ஏற்றினார்கள். கடமையா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

எங்கள் தொடக்கப் பள்ளியில் 14 பிள்ளைகள்தான். தனியார் பள்ளி வேன் தினமும் ஊருக்குள் வந்து 40 பேரை ஏற்றிப் போகிறது. பள்ளியை மூடிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
*– வாசகர், திருமயம்*

வேனில் அனுப்புகிற அம்மாக்களைக் குறை சொல்லாதீர்கள். கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறவர்கள், காரணம் இல்லாமல் கட்டவில்லை. முதலில் அந்த 40 வீட்டுக்கும் போய்க் கேளுங்கள். எங்கள் ஊரில் கேட்டபோது நாங்கள் நினைத்ததில் பாதி தப்பு. “இங்கிலீஷ்” என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். நிறையப் பேர் சொன்னது வேறு: “நாங்க ஏழு மணிக்கே வேலைக்குப் போயிடுறோம் டீச்சர். வேன் வந்து ஏத்திக்குது. உங்க பள்ளிக்கூடம் ஒன்பதரைக்குத்தானே திறக்குது? அதுவரைக்கும் பிள்ளை தனியா நிக்குமே.”

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு இதில் பாதி தீர்ந்தது. ஊர் மகளிர் குழுப் பெண்களே சமைக்கிறார்கள். அவர்கள் அடுப்பு மூட்டும் நேரத்துக்குப் பள்ளி திறந்துவிடுகிறது. மீதிப் பாதிக்கு, ஊரில் சும்மா இருந்த கல்லூரி முடித்த இரண்டு பெண்கள் காலையில் பிள்ளைகளோடு இருக்கச் சம்மதித்தார்கள். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் காலனிப் பிள்ளைகளுக்கு ஒரு ஆட்டோ ஏற்பாடு செய்தோம். டீசல் காசை இளைஞர் மன்றம் பார்த்துக்கொண்டது. அந்த வருடம் 1-ஆம் வகுப்பில் 9 பேர் சேர்ந்தார்கள். அதற்கு முந்தின வருடம் 2 பேர்.

ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும், 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் இருக்க வேண்டும் என்பது விதி. அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். ஏப்ரலுக்குள் வீடு வீடாகப் போய்விடுங்கள். போகும்போது அந்த 14 பிள்ளைகளின் அம்மாக்களில் இரண்டு பேரையாவது கூட்டிப் போங்கள். திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் பேசட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள். ஜூனில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.