ஹோர்ன் சத்தத்தில் கால் தடுமாறுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 67. வெள்ளவத்தையில் வசிக்கிறேன். காலி வீதியில் சந்தைக்கு நடக்கும்போது பின்னாலிருந்து பஸ் ஹோர்ன் அடித்தால் உடம்பு விறைத்து, கால் தானாகவே வேகமெடுக்கிறது. சென்ற மாதம் நடைபாதையில் கல் தடக்கி விழப்பார்த்தேன். வெறும் பயம் என்கிறாள் மகள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடக்கலாமா?

பதில்: அன்புள்ள அம்மா, பஞ்சு வேண்டாம். முச்சக்கரவண்டி எந்தப் பக்கம் வருகிறது என்பதை உணர்த்தும் மெல்லிய, உயர் சுருதி ஒலிகளையே அது மங்கச் செய்யும். பஸ்ஸின் கனத்த சத்தம் பெரும்பாலும் உள்ளே வந்துவிடும்.

உங்களுக்கு நேர்வதைப் பயந்த சுபாவம் என்று ஒதுக்குவது நியாயமன்று. எதிர்பாராத பெருஞ்சத்தம் சிந்தனைக்குக் காத்திராமல் மூளைத்தண்டிலிருந்தே தசைகளை இயக்குகிறது. ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் இமை மூடி, கழுத்தும் தோளும் இறுகிவிடுகின்றன. ஒரு கால் அந்தரத்தில் இருக்கும் கணத்தில் இது நிகழ்ந்தால், இளைஞர் அடுத்த அடியில் சமாளித்துக்கொள்வார்; வயது ஏறும்போது அந்தத் திருத்தம் தாமதமாகிறது. இரைச்சலை நாம் சராசரி டெசிபலில் அளக்கிறோம், ஆனால் காலைத் தடுமாறச் செய்வது சராசரியன்று, திடீரென எழும் உச்சமே.

வேகமெடுப்பதும் உங்களுக்கு மட்டும் உரியதன்று. செக் நாட்டில் 2018இல் வெளியான ஆய்வொன்றில், நகரப் பாதையில் நடந்தவர்கள் வாகன இரைச்சலைக் கேட்டபோது வேகமாகவும், காட்டுப் பறவைகளின் ஒலியைக் கேட்டபோது மெதுவாகவும் நடந்தனர். அந்த இடத்தைவிட்டு விலக விழையும் மனம் காலை முடுக்குகிறது என்றே நான் கருதுகிறேன். அவசரத்தில் பார்வை தூரத்தில் நிலைத்துவிட, காலடியிலுள்ள பெயர்ந்த கல் கண்ணில் படுவதில்லை. நடைக்கும் கவனம் தேவை: பேசத் தொடங்கியதும் நடையை நிறுத்திவிடும் முதியோர் அடுத்த 6 மாதங்களில் அதிகமாக விழுந்ததை 1997இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினர். சத்தமும் அதே கவனத்தில்தான் பங்கு கேட்கிறது.

ஆயினும் செவியைப் பரிசோதிக்காமல் நான் எதையும் முடிவு செய்யமாட்டேன். செவித்திறன் குறைந்தவர்கள் அதிகம் விழுவதாக 2012இல் அமெரிக்க ஆய்வொன்று தெரிவித்தது. உட்செவி தேயும்போது மெல்லிய பேச்சு கேட்காது, ஆனால் பெருஞ்சத்தம் தாங்க முடியாததாக இருக்கும். இது பலருக்கும் வியப்பளிக்கும் உண்மை. வீட்டில் "என்ன சொன்னாய்?" என்று அடிக்கடி கேட்கிறீர்களானால் அதை வைத்தியரிடம் மறவாமல் கூறுங்கள். சத்தம் கேட்டதும் உலகமே சுழல்வது போலிருந்தால் அது வேறு நோய். அரிதாக உட்செவி எலும்பில் ஏற்படும் திறப்பினால் வருவது. கொழும்பு தேசிய வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் இவற்றைக் காட்டலாம். போகும்போது தூக்க மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை எல்லாவற்றையும் கொண்டு செல்லுங்கள். தள்ளாட்டத்துக்கு அவையும் காரணமாகலாம்.

அதுவரை, சத்தம் கேட்டால் ஓட வேண்டாம். இரண்டு பாதங்களையும் நிலத்தில் ஊன்றி நின்று, பிறகு திரும்பிப் பாருங்கள். இரு திசையும் வாகனம் ஓடும் இடத்தில் உங்கள் வலப்பக்க நடைபாதையில் நடந்தால், அருகே வரும் பஸ் எதிரே தெரியும். கண் கண்ட வாகனத்தின் ஹோர்ன் அந்தளவு உலுக்காது. காலையில் சமையலறை மேசையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் 10 வினாடி நின்று பழகுங்கள்.

மகளிடம் ஒரு வேண்டுகோள்: அம்மாவின் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுங்கள், பாதசாரிக் கடவையில் இறங்குமுன் பேச்சை நிறுத்தி, மறுகரை சேர்ந்த பின் தொடருங்கள்.