மினசோட்டா டெமாக்ரட் கோட்டையா? தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, மினியாபொலிஸ்ல வேலை கிடைச்சிருக்கு, ஹெச்1பி வேலை விசால வர்றேன், மினசோட்டா டெமாக்ரட் கோட்டைன்னு சொல்றாங்களே நிஜமான்னு கேட்டிருந்தீங்க. ஜனாதிபதி தேர்தலை மட்டும் பார்த்தா நிஜம்தான், 1972ல நிக்சன் ஜெயிச்சதுக்கப்புறம் ஒரு ரிபப்ளிகனும் இங்க ஜெயிக்கல. 1984ல ரீகன் 49 மாநிலத்தை அள்ளிட்டுப் போனப்ப கூட இது மட்டும் டெமாக்ரட் வேட்பாளர் மாண்டேல் பக்கம் நின்னுச்சு. ஆனா அவர் இந்த மண்ணுக்காரர், அப்படியும் 3,761 ஓட்டு வித்தியாசம்தான். 2016ல ஹிலரி ஒன்றரை சதவீதத்துல கரையேறினாங்க. கோட்டைங்கறவங்க இந்த நம்பரெல்லாம் பார்க்கறதே இல்ல.

இங்க ஓட்டுச்சீட்டுல டெமாக்ரட் கட்சி பேரு டிஎஃப்எல்னு இருக்கும், டெமாக்ரடிக் ஃபார்மர் லேபர். ரயில்வே கம்பெனியும் தானிய வியாபாரிகளும் விலையில அடிச்சதுல நொந்துபோன விவசாயிகளும், யூனியன் தொழிலாளிகளும் சேர்ந்து ஃபார்மர் லேபர்னு தனிக்கட்சி வச்சு 1930ல ஃபிளாய்ட் ஓல்சனைக் கவர்னராவே ஆக்கிட்டாங்க, 1944லதான் அந்தக் கட்சி டெமாக்ரட்ஸோட இணைஞ்சது. அதனால இதோட வேரு சிட்டில மட்டும் இல்ல, வடக்க அயர்ன் ரேஞ்ச்ல, ஹிப்பிங் மாதிரி இரும்புச் சுரங்க ஊருங்கள்லயும் இருக்கு. அந்தப் பக்கத்து 8வது காங்கிரஸ் தொகுதி 1947ல இருந்து 2011 ஆரம்பம் வரைக்கும் இவங்க கையிலயே இருந்துச்சு, இப்ப ரிபப்ளிகன் தொகுதி. புதுச் சுரங்கம் வந்தாதான் பிள்ளைங்களுக்கு வேலைன்னு அங்க சொல்றாங்க, ஏரித் தண்ணி கெட்டுப்போயிடும்னு இன்னொரு பக்கம் சொல்றாங்க, ரெண்டுலயும் நியாயம் இருக்கு. ஆனா தன்னை வளர்த்துவிட்ட ஜனங்களைக் கட்சி கை நழுவ விட்டுடுச்சேன்னு எனக்கு நிஜமாவே வருத்தம். இன்னிக்கு மினியாபொலிஸ் இருக்கற ஹென்னபின், செயின்ட் பால் இருக்கற ராம்சி, இந்த ரெண்டு கவுண்டி ஓட்டுதான் மொத்தத்தையும் தாங்குது.

ஓட்டு போடறதுல இந்த ஊர்க்காரங்களை அடிச்சுக்க முடியாது. 1974ல இருந்தே தேர்தல் அன்னிக்கே பூத்துக்குப் போய் பேரு சேர்த்துட்டு ஓட்டு போடலாம், அட்ரஸ் ப்ரூஃப் இல்லேன்னா அதே பூத்துல ஓட்டு இருக்கற பக்கத்து வீட்டுக்காரர் கூட வந்து, இவர் இங்கதான் குடியிருக்கார்னு சத்தியம் பண்ணி கையெழுத்து போட்டா போதும். சிவப்பு வட்ட ஸ்டிக்கர் ஒண்ணு குடுப்பாங்க, அன்னிக்கு ஆஃபீஸ்ல பாதிப்பேர் சட்டையில அதுதான்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, ஹெச்1பிலயும் கிரீன் கார்டுலயும் நமக்கு ஓட்டு கிடையாது. டிரைவிங் லைசன்ஸ் எடுக்கப் போறப்ப ஃபார்ம்ல ஓட்டர் ரிஜிஸ்ட்ரேஷன் பத்தி கேள்வி வந்தா அவசரத்துல டிக் பண்ணிடாதீங்க, சிட்டிசன் இல்லேன்னு தெளிவா சொல்லிடுங்க, தப்பா பேரு சேர்ந்துட்டா பின்னாடி சிட்டிசன்ஷிப்புக்கே வினையாயிடும்.