கால்நடை மருத்துவர் பதில்கள்: ஏப்பத்தில் போகும் தீவனம்

கேள்வி: டாக்டர், நான்கு கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். மாடு விடும் மீத்தேனால் பூமி சூடாகிறது, அடர்தீவனத்தை (தானியம், பிண்ணாக்கு கலந்த தீவனம்) கூட்டினால் அது குறையும் என்று படித்தேன். வைக்கோலையும் புல்லையும் குறைத்துவிடலாமா?

பதில்: அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள். முதலில் மாட்டின் இடது பக்கம், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு ஓரிரு முறை உள்ளே ஏதோ புரண்டு கையைத் தள்ளும். அதுதான் பெருவயிறு, மாட்டு வயிற்றின் பெரிய முதல் அறை. தீவனத்தின் நார்ச்சத்தை அங்குள்ள நுண்ணுயிரிகள் நொதிக்க வைக்கும்போது ஹைட்ரஜன் மிஞ்சுகிறது. இன்னொரு வகை நுண்ணுயிரி அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக்கிவிடும். பெரும்பாலும் சத்தமில்லாத ஏப்பமாக வாய் வழியேதான் அது வெளியேறுகிறது. நன்றாகக் கறக்கும் பெரிய மாடு ஒரு நாளில் 300 முதல் 500 கிராம் வரை விடும். தின்ற தீனியின் மொத்த ஆற்றலில் சுமார் 6 சதவீதம் இப்படிப் போய்விடுகிறது. பாலாகியிருக்க வேண்டியது அது. எனக்கு ஆதங்கமே அதில்தான்.

அடர்தீவனத்தில் உள்ள தானிய மாவுச்சத்து நொதிக்கும் வழியில் ஹைட்ரஜன் செலவாகிவிடுவதால் மீத்தேன் குறையும் என்பது உண்மை. ஆனால் அளவு மீறினால் வயிறு புளித்துவிடும். அப்படிப்பட்ட மாடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்: அசை போடுவது நின்று, சாணம் நுரையோடு தண்ணீராய்ப் போகும், கொஞ்ச நாளில் குளம்பு நொந்து நொண்டும். எனவே புல்லைக் குறைப்பதை விட நல்ல புல்லாகப் போடுங்கள். தண்டு முற்றுவதற்குள் அறுத்த தீவனம் எளிதில் செரிக்கும், மாடும் கூடுதலாகத் தின்று கூடுதலாகக் கறக்கும். ஒரு மாடு விடும் மொத்த வாயு அதனால் குறையாமல் போகலாம். ஒரு லிட்டர் பாலுக்கான கணக்கில் குறையும்.

அப்புறம், பிண்ணாக்கை அள்ளிப் போடாதீர்கள். மிஞ்சிய புரதம் சிறுநீரில் யூரியாவாகப் போய், அதில் ஒரு சிறு பகுதி மண்ணில் நைட்ரஸ் ஆக்சைடாக மாறும். கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு சூடாக்கும் வாயு அது. இதை யாரும் பேசுவதே இல்லை.

கேள்வி: கடற்பாசி கொடுத்தால் மீத்தேன் நின்றுவிடுமாமே?

பதில்: எல்லாக் கடற்பாசிக்கும் அந்தக் குணம் கிடையாது. ஆஸ்பராகாப்ஸிஸ் என்ற சிவப்புப் பாசியில் உள்ள புரோமோஃபார்ம் மீத்தேன் உண்டாவதைத் தடுக்கிறது. ஆனால் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்த கறவை மாடுகள் தீனி எடுப்பதையே குறைத்துக்கொண்டன. 3-நைட்ராக்சிபுரொப்பனால் என்ற சேர்மானம் கறவை மாட்டில் மீத்தேனைச் சுமார் 30 சதவீதம் குறைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-லும் அமெரிக்கா 2024-லும் அதை அனுமதித்தன. தீவனத்தோடு நன்றாகக் கலந்து கொடுத்தால்தான் பலன், மேய்ச்சல் மாட்டுக்குக் கொடுப்பது சிரமம். கரையில் ஒதுங்கிய பாசியை மட்டும் அள்ளிவந்து போட்டுவிடாதீர்கள். உப்பும் அயோடினும் மிஞ்சினால் மாட்டுக்கு ஆகாது.