எழுத்துக்குள் சொல்லா, சொல்லுக்குள் எழுத்தா?

கேள்வி: ‘ஏ’, ‘என்’, ‘ஜி’ மூன்றும் வரும் ஆங்கிலச் சொற்கள் வேண்டுமென்று ஒரு தளத்தில் தேடினேன். நாலைந்து சொல்லோடு நின்றுவிட்டது. இன்னொரு தளம் பக்கம் பக்கமாகக் கொட்டியது. எது சரி? கணினி இல்லாமல் தேட வழி உண்டா? கூடவே, ‘ஜி ஆர் ஒய்’ என்று முடியும் மூன்றாவது சொல் எது என்று ஒரு வாரமாக மண்டை காய்கிறது. அதையும் சொல்லிவிடுங்கள்.

பதில்: தளங்களைக் கூண்டில் ஏற்றுமுன் நீங்கள் கேட்டது என்ன என்று பாருங்கள். முதல் தளம், எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் கட்டும் ஸ்கிராபிள் ஆடுபவர்களுக்கானது. கையில் இருக்கும் வில்லைகளை வைத்து என்னென்ன சொல் கட்டலாம் என்று பார்க்கும். மூன்று வில்லைக்கு ‘நேக்’, ‘ஆன்’ மாதிரிச் சில்லறைதான் தேறும். இரண்டாவது தளம் நேர் எதிர்: உங்கள் மூன்று எழுத்தும் எந்தெந்தச் சொல்லுக்குள் கிடக்கின்றன என்று பார்க்கும். இரண்டும் சரி, கேள்விதான் வேறு. ஒரு தளம் எந்த வகை என்று சந்தேகமா? நான்காவதாக ஓர் எழுத்தைச் சேர்த்துத் தேடுங்கள். விடை பெருகினால் முதல் வகை, சுருங்கினால் இரண்டாம் வகை.

இரண்டாம் வகைக்குள்ளும் கிளைகள் உண்டு. மூன்று எழுத்தும் அதே வரிசையில் ஒட்டி வரவேண்டுமா? அப்படியானால் ‘ஆரஞ்ச்’, ‘ஏஞ்சல்’. வரிசை மாறாமல் இடைவெளி இருக்கலாமா? ‘அமேஸிங்’ உள்ளே வரும். வரிசையே வேண்டாமா? ‘மேக்னட்’, ‘கார்டன்’ எல்லாம் சேரும். ‘கேங்’ என்ற சொல்லில் இந்த மூன்றைத் தவிர வேறு எழுத்தே இல்லை. ஆனால் ‘ஜி’ இருமுறை வருவதால் ஒரே ஒரு ‘ஜி’ வில்லை வைத்திருப்பவருக்கு ஸ்கிராபிள் தளம் அதைத் தராது. ஒட்டி வரும் எழுத்துகளைத் தேட, ஏற்கும் தளங்களில் முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி (*) போடுங்கள். அந்த இடத்தில் எத்தனை எழுத்து வந்தாலும் சரி என்று பொருள். கேள்விக்குறி (?) போட்டால் சரியாக ஓர் எழுத்துக்கான இடம்.

(ஆங்கிலத்தின் இரண்டு ‘பி’யும் இரண்டு ‘டி’யும் தமிழில் ஒரே மாதிரி நிற்பதால், எழுத்தைப் பிரித்துக் காட்டும் இடங்களில் அந்த நான்கையும் தவிர்த்திருக்கிறேன்.)

கணினி இல்லாமல் தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் எழுத்திலிருந்து தொடங்குவார்கள். அங்கேதான் சறுக்கல். இருப்பவற்றில் அரிதான எழுத்தைப் பிடியுங்கள். ‘எல்’, ‘ஜே’, ‘க்யூ’ மூன்றும் வரவேண்டும் என்று வையுங்கள். ‘எல்’லை வைத்து யோசித்தால் ஆயிரம் சொல் வந்து மொய்க்கும், ஒன்றும் உதவாது. ‘க்யூ’ வந்தால், சில கடன்சொற்கள் நீங்கலாக, அடுத்தது ‘யு’. அதை அடுத்து இன்னோர் உயிரெழுத்து. ‘ஜே’ சொல்லின் கடைசியில் வருவது அபூர்வம். பெரும்பாலும் முதலில் வரும். ஆக, ‘ஜே’யில் தொடங்கி, நடுவில் ‘க்யூ யு’ வைத்து, ‘எல்’லுக்கு இடம் தரும் சொல் வேண்டும். ‘ஜான்க்வில்’ என்ற மஞ்சள் பூ அகப்படும்: ஜே, ஓ, என், க்யூ, யு, ஐ, எல்.

ஒட்டி வரும் எழுத்துகள் நாக்கில் நிற்காதவையாக இருந்தால் வேறு உத்தி. ‘டபிள்யூ கே டபிள்யூ’ என்று ஒரு சொல்லில் வருமா என்று மலைக்காதீர்கள். அப்படிப்பட்ட முடிச்சு இரண்டு துண்டுகள் ஒட்டிய இடத்தில்தான் இருக்கும். முதல் துண்டு ‘கே’யில் முடியும், அடுத்தது ‘டபிள்யூ’வில் தொடங்கும் என்று பிரித்துப் பார்த்தால் ‘ஆக்வர்ட்’ வந்துவிடும். ‘ஹாக்வீட்’ என்ற செடியும் உண்டு. ‘கே எஸ் எச்’ என்றால் ‘வொர்க்‌ஷாப்’, ‘புக்‌ஷெல்ஃப்’. ‘ஆர் ஜி ஆர்’ என்றால் ‘எவர்கிரீன்’, ‘அண்டர்கிரவுண்ட்’.

காதை நம்பித் தேடாதீர்கள். தமிழில் எழுதிப் பழகியவருக்கு ஒலியும் எழுத்தும் ஒன்றாகவே தோன்றும். ‘ஏ என் ஜி’ என்றதும் ‘சாங்’, ‘ஹேங்’ என்று ஓடும் மனசு, ‘ஞ்ச்’ என்று ஒலிக்கும் ‘ஆரஞ்ச்’சையும் ‘ஸ்ட்ரேஞ்ச்’சையும் கோட்டை விட்டுவிடும். ‘நைஃப்’பின் முதலில் ஒரு ‘கே’ ஊமையாக உட்கார்ந்திருப்பதும் அப்படித்தான்.

கணினி உண்டு என்றால், வரிக்கு ஒரு சொல்லாக உள்ள சொற்பட்டியலை இறக்கிக்கொண்டு நீங்களே சலிப்பதுதான் உத்தமம். லினக்ஸிலும் மேக்கிலும், கேட்ட எழுத்து உள்ள வரிகளை மட்டும் பொறுக்கித் தரும் ‘கிரெப்’ கட்டளையை எழுத்துக்கு ஒன்றாகக் கொடுத்து நடுவே குழாய்க் குறி (|) போட்டுக் கோர்த்தால் போதும். எக்செல்லில் ‘சர்ச்’ சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள். ‘ஃபைண்ட்’ பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறாகப் பார்க்கும். இரண்டு ‘ஓ’ வேண்டுமென்றால் ‘ஓ’வுக்கான கிரெப்பை இருமுறை ஓட்டிப் பயனில்லை, ஒற்றை ‘ஓ’ சொல்லும் இரண்டிலும் தப்பிவரும். ஒரே கட்டளையில் இரண்டு ‘ஓ’வுக்கும் நடுவே, ‘இங்கே எது வந்தாலும் சரி’ என்று பொருள்படும் புள்ளியும் நட்சத்திரமும் (.*) வைக்கவேண்டும். கலைந்த எழுத்துக்குச் சரியான சொல் தேடுவதானால், ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கிப் பக்கத்துப் பத்தியில் வையுங்கள். ‘ஏஞ்சல்’, ‘ஆங்கிள்’, ‘க்ளீன்’ (பொறுக்கிச் சேர்ப்பது, சுத்தம் அல்ல) மூன்றுமே ‘ஏ ஈ ஜி எல் என்’ ஆகிவிடும். அந்தப் பத்தியை வரிசைப்படுத்தினால் ஒரே எழுத்துக் குடும்பம் ஒன்றாக நிற்கும்.

ஒரே வகைத் தளங்களிலும் எண்ணிக்கை மாறக் காரணம் பட்டியல். மேக்கில் கூடவே வருவது 1934-ஆம் ஆண்டு வெப்ஸ்டர் அகராதியின் சொற்கள். பழஞ்சொல் ஏராளம், பன்மை வடிவங்கள் பெரும்பாலும் இல்லை. ஸ்கிராபிளுக்கான காலின்ஸ் பட்டியலில் (2019) 2,79,496 சொற்கள் உண்டு, ஆனால் பலகையின் அகலமே 15 கட்டம் என்பதால் அதைவிட நீண்ட சொல் கிடையாது.

கடைசியாக உங்கள் ‘ஜி ஆர் ஒய்’. ‘ஆங்ரி’, ‘ஹங்ரி’ இரண்டோடு புழக்கத்தில் உள்ளவை தீர்ந்தன. மூன்றாவது இருப்பதாகச் சொல்லி ஆளைச் சுற்றவிடுவதே அந்த விடுகதையின் வேலை. யாராவது விடாப்பிடியாகக் கேட்டால் ‘அக்ரி’ என்று சொல்லிவையுங்கள். ஒருவகைப் பழங்காலக் கண்ணாடி மணியின் பெயர். பெரிய அகராதியில் இருக்கும்.