முயலின் பெருநாடியும் அப்பாவின் குளிசைப் போத்தலும்

குருதி ஓட்டத்தை உடல் எவ்வாறு ஒழுங்குபடுத்துகிறது என்பதைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்றவர்கள் யார், அவர்கள் உண்மையில் எதைக் கண்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மிக நுண்ணிய குருதிக்குழாய்களான மயிர்க்குழாய்களைப் பற்றிய ஆய்வுக்காக ஓகஸ்ட் குரோக் 1920இலேயே இப்பரிசைப் பெற்றிருந்தாலும், நீங்கள் கேட்பது 1998ஆம் ஆண்டின் பரிசு என்றே கருதுகிறேன். அது ரொபர்ட் பேர்ச்கொட், லூயிஸ் இக்னாரோ, பெரிட் முராட் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு வழங்கப்பட்டது. கொழும்பின் காலி வீதியில் பேருந்துகள் கக்கும் புகையில் உள்ள நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவை நமது குருதிக்குழாய்களும் தாமே உண்டாக்கி, தமது சுவரிலுள்ள தசைகளைத் தளர்த்தி விரிவடையும்படி செய்தி அனுப்பப் பயன்படுத்துகின்றன என்பதே அவர்களின் கண்டுபிடிப்பு.

இதில் என்னை மிகவும் கவர்ந்தவர் பேர்ச்கொட். நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் அசற்றைல்கோலின் என்ற பதார்த்தம், இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாயான பெருநாடியின் கீற்றை முயலில் சுருக்குகிறது என்று 1950களில் எழுதியவர் அவரே. பின்னர் ஒருநாள் அதே பதார்த்தம் பெருநாடியைத் தளர்த்தியபோது, பரிசோதனை பிழைத்துவிட்டது என்று அதை ஒதுக்கிவிடாமல், துண்டு தயாரிக்கப்பட்ட முறையையே அவர் ஆராய்ந்தார். முன்பு கீற்றை வெட்டிக் கையாளும்போது குழாயின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் அகவணி என்ற ஒற்றைக் கலப்படை உரசுப்பட்டு அழிந்திருந்தது. அது சிதையாமல் இருந்தால் மட்டுமே தசை தளர்ந்தது. அகவணி நீக்கிய கீற்றின் மீது அகவணி உள்ள கீற்றைப் பொருத்தி வைத்தபோது, முதலாவதும் தளர்ந்தது. ஆகவே அகவணியிலிருந்து ஏதோவொரு பொருள் தசைக்குச் செல்கிறது என்று 1980இல் அவர் வெளியிட்டார். அப்பொருள் சில வினாடிகளுக்குள் அழிந்துவிடுவதால் இன்னதென்று சொல்ல முடியாதிருந்தது. அது நைத்திரிக் ஒட்சைட்டே என்ற முடிவை 1986இல் அவரும் இக்னாரோவும் தனித்தனியே முன்வைத்தனர். மறுஆண்டே அதை அளந்து காட்டிய ஆய்வாளர் சல்வடோர் மொன்காடாவுக்குப் பரிசில் பங்கு கிடைக்காதது நியாயமல்ல என்பது என் கருத்து.

முராட்டின் பணி எங்கள் வீட்டோடு தொடர்புடையது. வெள்ளவத்தையில் வசிக்கும் என் அப்பா இருதய நோயாளி. நெஞ்சு இறுகும்போது நாக்கின் கீழ் வைப்பதற்கு அவருக்கு நைத்திரோகிளிசரின் குளிசை தரப்பட்டிருந்தது. ஒரு நூற்றாண்டாகப் பயன்பட்டுவந்த அம்மருந்து நைத்திரிக் ஒட்சைட்டை வெளிவிட்டே தசையைத் தளர்த்துகிறது என்பதை 1977இல் முராட் காட்டினார். அப்பா அக்குளிசைகளை அவை வந்த கண்ணாடிப் போத்தலிலிருந்து, மற்றைய மருந்துகளோடு சேர்த்து வைக்கும் வசதிக்காக, ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றியிருந்தார். ஓர் இரவு நெஞ்சு நொந்தபோது இரண்டு குளிசைகள் வைத்தும் வலி தணியவில்லை. மருத்துவமனையில் வைத்தியர் முதலில் கேட்டது, குளிசைகளை எதில் வைத்திருந்தீர்கள் என்பதுதான். அம்மருந்து எளிதில் ஆவியாவதோடு பிளாஸ்டிக்கிலும் உறிஞ்சப்பட்டுவிடும் என்று அவர் விளக்கினார். நைத்திரிக் ஒட்சைட்டின் விளைவைக் கூட்டும் சில்டெனபில் (வயாகரா) போன்ற மருந்துகளை இதனுடன் சேர்த்து எடுத்தால் குருதியமுக்கம் ஆபத்தான அளவுக்கு வீழ்ந்துவிடும் என்றும் எச்சரித்தார்.

இப்போது அப்பாவின் சட்டைப் பையில் மூடி இறுக்கிய அந்தச் சிறிய கண்ணாடிப் போத்தல் மட்டுமே இருக்கிறது.