காலி மனைக்கும் சொந்தக்காரர் உண்டு

கேள்வி: ஐயா, எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், கடைசி வீடு எங்களுடையது. சுவரை ஒட்டிய காலி மனையில் லாலாங் புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடக்கிறது. யாரோ பழைய மெத்தையும் டயர்களும் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். போன மாதம் என் மாமியார் டெங்கி கண்டு மருத்துவமனையில் இருந்தார். ஊராட்சி மன்றத்துக்குத் தொலைபேசியில் சொன்னால், "அது தனியார் நிலம்" என்று வைத்துவிடுகிறார்கள். இனி யாரிடம் போவது?
– வாசகி, பினாங்கு

பதில்: அம்மா, முதலில் உங்கள் மாமியார் தேறி வரட்டும்.

ஊராட்சி அலுவலகம் ஒன்றின் புகார்ப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். "தனியார் நிலம்" என்ற பதிலைக் கேட்டு யாரும் திரும்பிவிடக் கூடாது. மன்றத்தின் புல்வெட்டும் ஆட்கள் தனியார் மனைக்குள் இறங்குவதில்லை என்பது சரிதான். ஆனால் அக்கம்பக்கத்துக்குத் தொல்லையாக நிலத்தைப் போட்டு வைத்திருக்கும் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்க 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் மன்றத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஆகவே "புல்லை வெட்டுங்கள்" என்று கேட்காதீர்கள். "உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு கோரிக்கைகளும் இரண்டு வெவ்வேறு மேசைகளுக்குப் போகின்றன.

உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். காலி மனைக்கும் மன்றம் வசூலிக்கும் மதிப்பீட்டு வரி உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை பில் போகிறது. பில் போகிற முகவரிக்கு நோட்டீஸும் போகலாம்.

கடிதத்தில் அந்த மனையின் லாட் எண் (நிலப் பதிவு எண்) இருந்தால் பாதி வேலை முடிந்தது. "எங்கள் வீட்டுப் பக்கத்து நிலம்" என்று மட்டும் எழுதிய புகார்கள் இடம் பார்க்கப் போகும் அதிகாரிக்காகக் காத்துக் கிடந்ததை நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பட்டாவில் உங்கள் லாட் எண் இருக்கும். அதைக் கொண்டு நில அலுவலகத்தில் பக்கத்து மனையின் எண்ணைக் கேட்டறிந்து, சிறு கட்டணம் செலுத்தினால் அது யார் பெயரில் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம். அரசு நிலம் என்று தெரிந்தால் புகார் நில அலுவலகத்துக்கே போகவேண்டும். ஆற்றோர ஒதுக்கு நிலமானால் வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கு.

உங்கள் விஷயத்தில் இன்னொரு வலுவான பிடி இருக்கிறது. டெங்கி, சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய். மருத்துவமனை தகவல் கொடுத்திருக்கும். மாவட்ட சுகாதார அலுவலகத்தில் உங்கள் முகவரி பதிவாகியிருக்கும். ஏடிஸ் கொசு புல்லில் முட்டையிடுவதில்லை, நீர் தேங்கும் இடத்தில்தான் இடுகிறது. எனவே டயர்களைப் படமெடுத்து, மாமியாரின் நோயைக் குறிப்பிட்டு, அந்த அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். கொசு வளரவிடும் நில உரிமையாளர்மீது நடவடிக்கை எடுக்க 1975ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாகவே இருக்கிறது. புகை அடித்துவிட்டுப் போனால் திருப்தி அடையாதீர்கள். புகை பறக்கும் கொசுவைக் கொல்லும், டயரில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது.

கடிதத்தை மலாயில் எழுதுங்கள், ஒரே விஷயத்தை மட்டும் எழுதுங்கள். குறிப்பு எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணோடு உங்கள் பகுதி மன்ற உறுப்பினரையோ சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தையோ பாருங்கள். எண் இல்லாத முறையீட்டை அவர்களாலும் தொடர முடியாது.

பொறுமை இழந்து தீ மட்டும் வைத்துவிடாதீர்கள். திறந்தவெளியில் எரிப்பது குற்றம். அதைவிட, ஜனவரி, பிப்ரவரி வெயிலில் காய்ந்த லாலாங் பற்றினால் முதலில் எட்டுவது உங்கள் கூரையைத்தான்.

கேள்வி: பக்கத்துப் புதரிலிருந்து மலைப்பாம்பு எங்கள் கால்வாய்க்குள் வந்துவிட்டது. மன்றத்தை அழைக்கலாமா?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: வேண்டாம். 999ஐ அழையுங்கள், தீயணைப்பு மீட்புத் துறையோ பொதுத் தற்காப்புப் படையோ வந்து பிடிக்கும். அவர்கள் வரும்வரை தூரத்தில் நின்று பாம்பு எங்கே போகிறது என்று ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். புதரைப் பற்றிய புகாரை மறுநாள் எழுதுங்கள், பாம்பின் படத்தையும் சேர்த்து.